பட்டியலில் ஒன்று, பயன்பாட்டில் பல: நீலகிரி மாணவரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாள் ஒத்த சொற்களோடு தொடங்குகிறது. வாக்கியத்தில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணையான சொல்லை நான்கு விடைகளுள் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மூன்று வினாக்கள் முதலில் வருகின்றன. அடுத்த மூன்று எதிர்ச்சொல்லுக்கு உரியவை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொது ஆங்கிலப் பாடத்திட்டம் ஒத்த சொல்லைத் தனித் தலைப்பாகவே வைத்திருக்கிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்விலும் இவ்வகை வினா இடம்பெறுகிறது. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்களைக் கொண்ட நீலகிரி மாவட்டத்தில் இத்தேர்வுகளுக்குத் தனி எடை உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும், ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயியின் பிள்ளைக்கும் மலைக்கு வெளியே உள்ள வேலைகளுக்குப் போகும் வழி இந்தத் தேர்வுகளுள் ஏதேனும் ஒன்றைக் கடந்தே செல்கிறது. அவர்கள் கைக்கு எளிதில் எட்டும் கருவி, ஒரு சொல்லுக்கு எதிரே நான்கைந்து சொற்களை அடுக்கிய பட்டியல்.

மனப்பாடம் செய்வதே தவறு என்று இக்கட்டுரை வாதிடவில்லை. வேற்றுமொழிச் சொற்களை நினைவில் நிறுத்த முயற்சியும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதும் தேவை. பிழை பட்டியல் அமையும் முறையில் இருக்கிறது. அது முன்பின் அறியாத பல சொற்களை ஒரே வரியில் நிறுத்துகிறது; அவை எல்லாம் ஒன்றே என்று கற்பிக்கிறது; எந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. மாணவர் ஏற்கெனவே நன்கறிந்த ஒரு பெயர்ச்சொல்லை நிலையாக வைத்துக்கொண்டு, அதனோடு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு புதிய சொல்லை, அதற்குரிய வாக்கியத்துடன் சேர்த்துக் கற்பதே தேர்வுக்கும் மொழிக்கும் ஒருசேரப் பயன்தரும் என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்து. அதற்கு நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளும் நீலகிரியின் அன்றாட வாழ்வும் சான்றாகின்றன.

விலையும் செலவும் ஒன்றா?

பெயர்ச்சொல் பட்டியல்களில் அடிக்கடி காணப்படும் வரிசை ஒன்று: 'பிரைஸ்', 'காஸ்ட்', 'வேல்யூ', 'ரேட்', 'வொர்த்'. இவை ஐந்தும் சமம் என்பதை நீலகிரிச் சிறு விவசாயி எவரும் ஏற்க மாட்டார். அவர் கொண்டுபோய்ப் போடும் பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை தருவது 'பிரைஸ்'. உரம், கவாத்து, பறிப்புக் கூலி, வண்டி வாடகை என்று அந்தத் தேயிலைக்காக அவர் கையிலிருந்து போனது 'காஸ்ட்'. முன்னது பின்னதைவிடக் குறைந்துவிடுவதுதான் இந்த மாவட்டத்தின் நெடுநாள் துயரம். உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு அதற்கு மேல் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க வேண்டும் என்ற கோரிக்கை முழுவதும் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் மேல் நிற்கிறது. குன்னூர் ஏல மையத்தில் தேயிலைத் தூளுக்குக் கிடைப்பது மீண்டும் 'பிரைஸ்'. தேயிலைச் சுவைஞர் அந்தத் தூளின் தரத்தை மதிப்பிடும்போது மனத்தில் கொள்வது 'வேல்யூ'. பட்டியல் ஒரே வரியில் அடக்கிவிட்ட சொற்களுக்குள் ஒரு மாவட்டத்தின் பொருளாதாரமே வேறு வேறாகப் பிரிந்து கிடக்கிறது.

உழைப்புக்குக் கிடைக்கும் பணத்தைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான். 'வேஜ்', 'சேலரி', 'ஃபீ', 'இன்கம்', 'ரெமுனரேஷன்' ஆகியவற்றைப் பட்டியல் ஒன்றாக்குகிறது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு நாள் கணக்கில் கிடைப்பது 'வேஜ்'. மேலாளருக்கு மாதக் கணக்கில் கிடைப்பது 'சேலரி'. மருத்துவரும் வழக்கறிஞரும் வாங்குவது 'ஃபீ'. 1936, 1948 ஆகிய ஆண்டுகளின் கூலிச் சட்டங்கள் 'வேஜஸ்' என்ற சொல்லையே தலைப்பில் கொண்டிருந்தன. அங்கே 'சேலரி' என்று மாற்றி வைத்திருந்தால் சட்டத்தின் நோக்கமே திரிந்திருக்கும். இங்கே மாணவருக்கு அவருடைய தாய்மொழி துணை நிற்கிறது. கூலி, சம்பளம், கட்டணம், வருமானம், ஊதியம் என்று தமிழும் இதே எல்லைகளை ஏறக்குறைய இதே இடங்களில் வகுத்திருக்கிறது. கூலிக்கும் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்து லயத்தில் வளரும் குழந்தைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவைப் பயன்படுத்தாமல் வெறும் பட்டியலைக் கையில் கொடுப்பது, அவரிடம் உள்ள செல்வத்தை மறைத்துவிட்டுக் கடன் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

தாய்மொழி எப்போதும் இப்படித் துணை நிற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதகையில் குளிர்காலக் காலையில் புல்வெளியை வெண்மையாக்குவதையும், குன்னூர்ச் சாலையில் எதிரே வரும் வண்டியை மறைப்பதையும், இலை நுனியில் துளியாக நிற்பதையும், இமயத்தில் விழுவதையும் பேச்சுத் தமிழில் பனி என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட முடிகிறது. உறைபனி, மூடுபனி, பனித்துளி எனப் பிரித்துச் சொல்லும் வழி இருந்தாலும் நாவில் முதலில் வருவது பனிதான். ஆங்கிலத்தில் இவை முறையே 'ஃப்ராஸ்ட்', 'ஃபாக்' அல்லது 'மிஸ்ட்', 'டியூ', 'ஸ்னோ' எனத் தனித்தனிப் பெயர்கள். உதகையில் 'ஸ்னோ' பெய்வதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தேயிலைச் செடியைக் கருக்குவது 'ஃப்ராஸ்ட்'. வானிலையாளர்கள் 'ஃபாக்', 'மிஸ்ட்' இரண்டுக்கும் இடையேகூட அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் முன்னது, அதற்கு மேல் இருந்தால் பின்னது. மொழியியல் ஆய்வாளர் நான் ஜியாங் 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தச் சிக்கலின் வேரைக் காட்டின. தம் தாய்மொழியில் ஒரே சொல்லால் பெயர்க்கப்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சீன, கொரிய மொழியினர் அதிக நெருக்கமானவை என மதிப்பிட்டனர்; ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவர்களிடமும் இந்தப் போக்கு காணப்பட்டது. புதிய சொல் புதிய கருத்தோடு இணையாமல் தாய்மொழிச் சொல்லின் கருத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது என்பது இதன் பொருள். ஒத்த சொற்பட்டியல் இந்த ஒட்டுதலைத் தளர்த்துவதற்குப் பதிலாக மேலும் இறுக்குகிறது.

பொருள் நெருங்கியிருந்தாலும் சொற்களின் கூட்டாளிகள் வேறாக இருப்பது மூன்றாவது சிக்கல். 'ஹில்', 'மவுண்டன்' இரண்டையும் பட்டியல் இணையாக்குகிறது. ஆனால் உதகை 'ஹில் ஸ்டேஷன்'. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்து, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இருப்புப்பாதை 'மவுண்டன் ரயில்வே'. இரு பெயர்களிலும் முதற்சொல்லை இடம் மாற்றிச் சொன்னால் வழக்கமான பெயர் கிடைப்பதில்லை. உயரமும் இதைத் தீர்மானிக்கவில்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் கொண்டது. பிரிட்டனின் மிக உயர்ந்த 'மவுண்டன்' ஆன பென் நெவிஸ் அதில் ஏறத்தாழப் பாதிதான். ஆயினும் நீலகிரி ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஹில்ஸ்' என்றே வழங்குகிறது. சொல்லின் சாயலும் இப்படி வேறுபடும். தேயிலைச் சுவைஞர் 'அரோமா' என்பார். அந்த இடத்தில் 'ஓடர்' என்றால் தூளில் ஏதோ கெட்டுவிட்டது என்று வாங்குபவர் எண்ணுவார். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த நாற்றம் இன்று எதைக் குறிக்கிறது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது விளங்காத செய்தி அன்று.

நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுவது

இதுவரை சொன்னது பொருள் நுட்பம் பற்றியது. தேர்வுக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம், நினைவில் நின்றால் போதும் என்று ஒருவர் கருதலாம். நினைவில் நிற்பதற்கும் பட்டியல் முறை நல்ல வழியாக இல்லை என்பதே ஆய்வுகள் தரும் செய்தி. தாமஸ் டிங்கம் 1993இலும் 1997இலும், ராபர்ட் வேரிங் 1997இலும் வெளியிட்ட சோதனைகளில், ஒரே வகையைச் சேர்ந்த பொருள்களின் பெயர்களை ஒன்றாகக் கற்றவர்கள், தொடர்பற்ற பொருள்களின் பெயர்களைக் கற்றவர்களைவிடக் கூடுதல் முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. சட்டை, மேற்சட்டை, காலுறை என்று உடை வகைகளை ஒரே அமர்வில் கற்கும்போது எந்தப் புதிய ஒலி எந்தப் பொருளுக்கு உரியது என்பது குழம்பிவிடுகிறது. உளவியலில் இதைக் குறுக்கீடு என்பார்கள். பொருளால் நெருங்கியவை மனத்திலும் நெருங்கி அமர்ந்து ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிக்கின்றன. இச்சோதனைகளில் பயன்பட்டவை ஒரே வகைப் பெயர்களேயன்றி முற்றிலும் ஒத்த சொற்கள் அல்ல என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் உடை வகைகளே இந்த அளவு குழப்பம் தருமானால், மிக நெருங்கிய பொருளைச் சுட்டும் 'கலாமிட்டி', 'கேட்டஸ்ட்ரஃபி', 'அட்வர்சிட்டி' ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் முதன்முதலாகச் சந்திக்கும் மாணவருக்குக் குழப்பம் குறைவாக இருக்கும் என்று எண்ண இடமில்லை. சொற்கற்றல் ஆய்வாளர் ஐ. எஸ். பி. நேஷன் 2000ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், நெருங்கிய சொற்களை ஒரே நேரத்தில் அறிமுகம் செய்வதைத் தவிர்க்குமாறு ஆசிரியர்களுக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்தினார்.

இந்தச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒத்த சொற்களையே கற்பிக்கக் கூடாது என்று முடிவு செய்தால் அது அவசர முடிவாகிவிடும். ஸ்டூவர்ட் வெப் 2007இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆங்கிலம் கற்கும் ஜப்பானிய மாணவர்களிடம் இரண்டு வகைப் புதிய சொற்கள் தரப்பட்டன. ஒரு வகைக்கு அவர்கள் முன்பே அறிந்த ஒத்த சொல் இருந்தது. மற்றொரு வகைக்கு அப்படி இல்லை. முன்பே அறிந்த சொல்லோடு உறவுடைய புதிய சொற்களைச் சில அளவுகோல்களில் அவர்கள் மேம்பட்ட நிலையில் கற்றிருந்தனர். அறிந்த சொல்லின் இலக்கண நடத்தையும் தொடர்புகளும் புதிய சொல்லுக்குக் கைகொடுத்தன. முரண்படுவனபோல் தோன்றும் இவ்விரு முடிவுகளும் உண்மையில் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. எல்லாச் சொற்களும் புதியவையாக இருக்கும்போது நெருக்கம் சுமையாகிறது. ஒன்று உறுதியாகத் தெரிந்திருக்கும்போது அதே நெருக்கம் உதவியாகிறது. பட்டியலின் பயனும் பயனின்மையும் அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதைவிட, அவற்றுள் எத்தனை மாணவருக்கு ஏற்கெனவே சொந்தம் என்பதைப் பொறுத்தவை.

சொற்களின் நெருக்கத்தை மனிதர் எங்கிருந்து அறிகிறார் என்ற கேள்விக்கும் வியப்பூட்டும் விடை ஒன்று உண்டு. தாமஸ் லாண்டவர், சூசன் டூமே ஆகியோர் 1997இல் ஒரு கணினி முறையை விவரித்தார்கள். அதற்கு எந்த அகராதியும் கொடுக்கப்படவில்லை; ஒரு கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகள் மட்டும் உள்ளிடப்பட்டன. எந்தச் சொல் எந்தச் சூழல்களில் வருகிறது என்பதை மட்டும் கணக்கிட்ட அந்த முறை, ஆங்கிலத் தேர்ச்சியைச் சோதிக்கும் டோஃபல் தேர்வின் 80 ஒத்த சொல் வினாக்களுக்கு ஏறத்தாழ 64 விழுக்காடு சரியான விடையளித்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வெளிநாட்டு மாணவர்கள் பெற்ற சராசரியும் ஏறத்தாழ அதுவே. ஒத்த சொல் வினாவுக்கு விடையளிக்கத் தேவையான அறிவின் பெரும்பகுதி தொடர்ந்த வாசிப்பிலேயே பொதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நேஷன் 2006இல் செய்த கணக்கீட்டின்படி நாவலையோ செய்தித்தாளையோ துணையின்றிப் படித்துச் செல்ல 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். சில நூறு வரிகள் கொண்ட எந்தப் பட்டியலும் அந்தத் தொலைவைக் கடத்திவிடாது. பட்டியல் வாசிப்புக்குத் துணையாகலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

தெரிந்த பெயரிலிருந்து தெரியாத பெயருக்கு

இவற்றிலிருந்து கிடைக்கும் வழிமுறை எளியது. பெயர்ச்சொற்களே அதற்கு ஏற்ற தொடக்கம். கண்ணால் காணும் பொருளையும் இடத்தையும் நிகழ்ச்சியையும் சுட்டுவதால் பெயர்ச்சொல்லை வினைச்சொல்லைவிட விரைவில் பற்றிக்கொள்ள முடிகிறது. நீலகிரி மாணவரிடம் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் ஏற்கெனவே ஏராளம் உண்டு. எஸ்டேட், ஃபேக்டரி, லீவ், போனஸ், வெயிட், டேங்க், ரோடு, கார்டன், சீசன், டூரிஸ்ட் போன்றவை அவர் வீட்டுப் பேச்சிலேயே புழங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிலையான தொடக்கப் புள்ளி. 'டூரிஸ்ட்' தெரிந்தவருக்கு இந்த வாரம் 'விசிட்டர்' போதும். அது உறுதியான பிறகு 'டிராவலர்'. அதற்கும் பிறகு 'பில்கிரிம்'. ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்கியத்தோடு வர வேண்டும். மலர்க் கண்காட்சிக்கு வருபவர் 'விசிட்டர்', பழனிக்கு நடந்து போகிறவர் 'பில்கிரிம்' என்று எழுதிப் பார்க்கும்போது ஒற்றுமையோடு வேற்றுமையும் சேர்ந்தே பதிகிறது.

தேர்வில் வருவன எஸ்டேட்டும் ரோடும் அல்ல, கடினமான கருத்துப் பெயர்கள் என்று இங்கே தடை எழுப்பப்படலாம். கருத்துப் பெயருக்கும் காட்சிப் பெயர் வழியாகவே ஏற முடியும் என்பது அதற்கு விடை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் பெய்த பெருமழையில் சரிந்த மண் 40க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மண்சரிவை அறியாத நீலகிரிக் குடும்பம் இல்லை. 'லேண்ட்ஸ்லைட்' என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். உயிரும் உடைமையும் அழியும்போது அது 'டிசாஸ்டர்'. துயரத்தின் பரப்பை அழுத்திச் சொல்லும்போது 'கலாமிட்டி'. மீள முடியாத திடீர் அழிவாகும்போது 'கேட்டஸ்ட்ரஃபி'. நான்கையும் ஒரே நாளில் கற்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் முந்தியதன் தோளில் ஏறி நிற்கும் வகையில் சில வார இடைவெளியில் வந்தால், வெறும் ஒலியாக மனப்பாடம் செய்த 'கலாமிட்டி'யைவிட இது நெடுநாள் தங்கும். இதே வழியில் கூலியிலிருந்து 'வேஜ்', அங்கிருந்து 'ரெமுனரேஷன்'. வழியிலிருந்து 'ரோடு', அங்கிருந்து 'ரூட்', 'பாசேஜ்' என்று அருவச் சொற்களை அடையலாம்.

கற்றதைத் தக்கவைப்பதற்கும் தெளிந்த வழி உண்டு. ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் ஆகியோர் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றனர். ஒரு சொல்லை ஒரு தடவை சரியாகச் சொன்னபின் சோதிப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் மீண்டும் படித்தவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே நினைவுகூர்ந்தனர். புத்தகத்தை மூடிவிட்டு மீண்டும் மீண்டும் தம்மைச் சோதித்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தனர். பட்டியலைக் கண்ணால் ஓட்டுவது படித்த உணர்வைத் தருகிறது. மூடிவைத்து நினைவுகூர்வதே அறிவைத் தருகிறது. ஒரு பக்கம் தமிழ் வாக்கியமும் மறுபக்கம் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் எழுதிய துண்டுத்தாள்களே இதற்குப் போதும். நாளை, மூன்று நாள் கழித்து, வாரம் கழித்து, மாதம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது மறதியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு தேர்வு எழுதுபவரிடமிருந்து வருவது: வினா பொருத்தத்தை மட்டுமே கேட்கிறது, நேரமும் குறைவு, அப்படியிருக்க வாக்கியமும் வேற்றுமையும் எதற்கு? இதில் நியாயம் இருக்கிறது. பாடநூலின் சொற்களஞ்சியத்திலிருந்தே வினா வருமானால் பட்டியல் மதிப்பெண் தரும். ஆனால் பத்தாம் வகுப்பு வினாவிலும் சொல் தனியே நிற்பதில்லை. வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டு நிற்கிறது. பல பொருள் கொண்ட சொல்லுக்கு எந்தப் பொருள் என்பதை வாக்கியமே சொல்கிறது. 'லிக்கர்' என்ற பெயர்ச்சொல் மதுவைக் குறிக்கும் என்று மட்டும் படித்தவர், குன்னூர்ச் சுவைஞர் தம் கோப்பையிலுள்ள தேயிலை வடிநீரை 'லிக்கர்' என்று குறிப்பிடும் வாக்கியத்தில் தடுமாறுவார். உலகத் தேர்வுகள் நகரும் திசையும் இதுவே. டோஃபல் தேர்வு 1990களின் நடுவில் தனி வாக்கிய ஒத்த சொல் வினாக்களைக் கைவிட்டு, சொல்லறிவை வாசிப்புப் பத்திக்குள் வைத்துச் சோதிக்கத் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி. 1994இல் எதிர்ச்சொல் வினாக்களை நீக்கியது, பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. 2011இல் அவ்வாறே செய்தது. பட்டியலை மட்டும் நம்பியவர் இன்றைய ஒரு தேர்வுக்கு மட்டும் ஆயத்தமாகிறார்; வாக்கியத்தோடு கற்றவர் எந்த வடிவத்துக்கும் ஆயத்தமாக இருக்கிறார்.

இரண்டாம் மறுப்பு நம் மரபிலிருந்து எழுவது, ஆகையால் கனமானது. திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களின் தொகுப்புகள்தாமே? திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்தே புலவர்கள் உருவாகவில்லையா? உருவானார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மாணவர் கற்றது தாம் பிறந்து பேசிய மொழியின் சொற்களை. ஒரு பொருளுக்குரிய பத்துப் பெயர்களுள் இரண்டு மூன்றேனும் அவர் காதில் முன்பே விழுந்திருக்கும். வெப் ஆய்வு கூறும் அறிந்த சொல் அவருக்கு எப்போதும் கையில் இருந்தது. நிகண்டு செய்யுளாக அமைந்ததால் ஓசை நினைவுக்குத் துணை செய்தது. நிகண்டு முடிந்தபின் அச்சொற்கள் உயிரோடு உலவும் இலக்கியத்தை அவர் கற்றார். நிகண்டு ஆசிரியர்களும் ஒத்த பெயர்களோடு நின்றுவிடவில்லை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளுள் பதினொன்றாவதை ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களுக்கு ஒதுக்கியது. ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்ற இரு பக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் திரிசொல் விளக்கத்திலேயே இருக்கும் நெறி. இன்றைய தேர்வுப் பட்டியல் அந்த நெறியில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டுவிட்டது.

மேலைநாட்டு மரபும் இதையே உறுதி செய்கிறது. பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட 'தெசாரஸ்' ஆங்கில ஒத்த சொல் தொகுப்புகளுள் தலையாயது. அதன் முன்னுரையில் வடமொழி நிகண்டான அமரகோசத்தையும் அவர் குறிப்பிட்டார். எழுத நினைக்கும் கருத்து மனத்தில் இருந்து, அதற்குப் பொருந்தும் சொல்லைத் தேடுபவருக்காக அந்நூல் அமைந்தது. தன் முன் உள்ள சொற்களுள் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் திறன் வாசகருக்கு ஏற்கெனவே உண்டு என்பது அதன் அடிப்படை. அந்தத் திறனை இனிமேல்தான் பெற வேண்டிய மாணவரிடம் அதே வடிவத்தைத் தருவது, கருவியை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவதாகும்.

மூன்றாம் மறுப்பு சமூகநீதி சார்ந்தது. மற்ற இரண்டையும்விடக் கூர்மையானது. வாசிப்பும் வாக்கியமும் வசதியுள்ளவர்களுக்கு உரியவை. லவ்டேலில் 1858இல் தோன்றிய லாரன்ஸ் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் சூழலாகவே கிடைக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், கூடலூர்ப் பகுதியின் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கும் பட்டியல் ஒன்றுதானே எட்டும் தொலைவில் இருக்கிறது. அதையும் குறை சொல்லலாமா என்று கேட்கிறது இந்த மறுப்பு. பட்டியலைப் பறிக்க இக்கட்டுரை கேட்கவில்லை. திருத்தி அமைக்கவே கேட்கிறது. ஒரு வரியில் ஐந்து புதிய சொற்களுக்குப் பதிலாக ஒரு தெரிந்த சொல், ஒரு புதிய சொல், இரு வாக்கியங்கள் என்று அமைக்க அதே தாளும் அதே மையும் போதும். ஐந்து பெயர்களைக் குழப்பிக்கொண்டு மறந்துபோகும் இழப்பு வசதியுள்ளவரைவிட முதல் தலைமுறை மாணவரையே அதிகம் தாக்குகிறது. வசதியுள்ளவருக்கு வீட்டுச் சூழல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அதற்கும் மேலாக, இந்த மலையின் பிள்ளைகள் மொழியில் ஏழைகள் அல்லர். படுகு பேசும் வீட்டுப் பிள்ளை பள்ளியில் தமிழும் கடைவீதியில் மலையாளமோ கன்னடமோ கேட்டு வளர்கிறது. ஆங்கிலம் அதற்கு மூன்றாவதோ நான்காவதோ. பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்டியன் பிலோ-ரைச்சூரும் 1992இல் வெளியிட்ட படுகு-ஆங்கில அகராதி அம்மொழியின் சொல்வளத்துக்குச் சாட்சி. 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ, தோடர் பாடல்கள் ஒன்றுக்கொன்று இணையான சொற்றொடர்களை அடுக்கிச் செல்லும் அமைப்புடையவை என்பதை விரிவாகப் பதிவு செய்தார். ஒன்றைப் பல பெயர்களால் சொல்வதும், எந்தப் பெயர் எந்த இடத்துக்கு உரியது என்று அறிவதும் இந்த மலையில் பழைய கலைகள். இரண்டு மொழிகளுக்கு இடையே நாள்தோறும் சொல் மாற்றிப் பேசும் குழந்தைக்கு, ஒரு மொழியின் இரு பெயர்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை உணர்வது அரிது அன்று. அந்தத் திறமையை ஆங்கில வகுப்பு கேட்டு வாங்குவதே இல்லை.

ஆகவே மூவரிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. வினாத்தாள் அமைப்போர் சொல்லைப் பாடத்தில் வந்த அதே வாக்கியத்தில் கேட்பதோடு புதிய வாக்கியத்திலும் கேட்க வேண்டும். அப்போதுதான் மனப்பாடத்தைக் கடந்து கற்றவருக்கு அதற்குரிய மதிப்பெண் கிடைக்கும். ஆசிரியர்களும் பயிற்சி மையங்களும் ஒரே நாளில் ஒத்த சொற்களை மொத்தமாகக் கொட்டுவதை நிறுத்தி, மாணவர் அறிந்த பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். நீலகிரியின் வானிலை, தேயிலை, மண்சரிவு, இருப்புப்பாதை ஆகியவை பாடநூலுக்கு இணையான சொல்வளத்தைத் தரும். தேர்வு எழுதும் மாணவர் தம் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் தமக்கு உறுதியாகத் தெரிந்த சொல்லைக் கோடிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக வாக்கியத்தோடு சேர்த்து, மூடிவைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். தெரிந்த சொல்லே இல்லாத வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதற்குரிய காலம் வாசிப்பில் வரும். இப்படிக் கற்கும் சொற்கள் எண்ணிக்கையில் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அவை தேர்வு முடிந்த பின்னும் மாணவருடையவையாகவே இருக்கும்.